தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடிக்கப் போகிறீர்களா? தோட்டப்புற வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நம் பக்கத்தில் வீட்டுக்குச் சாயம் அடிப்பதென்றால் அது தீபாவளியை ஒட்டித்தான். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த ஊர்களில், பண்டிகைக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே ஹார்ட்வேர் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வருவார்கள், உறவுக்காரர்கள் வருவார்கள், சுவர் பளிச்சென்று இருக்க வேண்டும். நியாயமான ஆசைதான். ஆனால் தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2025-இல் அக்டோபர் 20. எந்த ஆண்டானாலும் ஏறத்தாழ இந்த ஒரு மாதத்துக்குள்தான் வரும். மலேசியத் தீபகற்பத்தின் மேற்குப் பக்கத்தில் மழை அதிகம் கொட்டும் இரண்டு காலங்களில் ஒன்றும் இதேதான். இன்னொன்று ஏப்ரல், மே.

ஈரச் சுவரில் அடித்த சாயம் பொங்கலுக்குள் கொப்பளித்து உரியும். உடனே சாயத்தைத் திட்டுகிறோம், கடைக்காரரைத் திட்டுகிறோம். நான் பார்த்தவரை உரிந்து போன சுவர்களில் பெரும்பாலானவற்றில் டின்னில் இருந்த சாயத்தின் மேல் குற்றம் இல்லை. அடியில் இருந்த ஈரம், சுண்ணாம்புப் பொடி, எண்ணெய்ப் பிசுக்கு, துரு, இவைதான் காரணம். அதனால் இந்த வழிகாட்டியில் நிறத்தைப் பற்றிக் கொஞ்சமும், நிறத்துக்கு அடியில் இருப்பதைப் பற்றி நிறையவும் பேசுகிறேன்.

எப்போது அடிப்பது

வெளிச்சுவருக்கு ஜூன், ஜூலை நல்ல மாதங்கள். இல்லாவிட்டால் ஜனவரி கடைசி, பிப்ரவரி. வெளியே முன்கூட்டியே முடித்துவிட்டு, தீபாவளிக்கு உள் அறைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

ஒரு நாளுக்குள்ளும் நேரம் பார்க்க வேண்டும். நம் ஊரில் காலை எட்டு மணிக்குக்கூடச் சுவரில் பனி ஈரம் இருக்கும். ஒன்பது, ஒன்பதரைக்குக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். மாலை மூன்று மணிக்கு மேல் இடிமழை வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் வெளிவேலையை மதியம் இரண்டு மணிக்குள் நிறுத்துவது நல்லது. வெயில் நேராக அடிக்கும் சுவரில் சாயம் அடிக்காதீர்கள். மேல்தோல் சட்டென்று காய்ந்து, உள்ளே தண்ணீர் மாட்டிக்கொள்ளும். காலையில் மேற்குச் சுவர், வெயில் உச்சி தாண்டிய பிறகு கிழக்குச் சுவர் என்று நிழலைத் தொடர்ந்து போங்கள். காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அன்று வேலையை ஒத்திப்போடுங்கள். ஈரப்பதமானி சின்னதாக, மலிவாகக் கிடைக்கிறது. ஒன்று வாங்கி மாட்டி வைக்கலாம்.

முதலில் சுவரைச் சோதியுங்கள்

நம் பக்கத்து வீடுகள் ஒரே மாதிரி இல்லை. தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடென்றால் இடுப்பளவு கல்சுவர், அதற்கு மேல் பலகை, மேலே தகரம். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடென்றால் முழுக்கச் செங்கலும் சிமெண்டுப் பூச்சும். கம்பத்து (கிராமத்து) வீடென்றால் பெரும்பாலும் பலகை. ஒரே வீட்டில் முன்பக்கம் பலகை, பின்பக்கம் பிறகு இழுத்துக் கட்டிய சிமெண்டு அடுப்படி என்று இருப்பதும் சகஜம். ஒவ்வொன்றுக்கும் அடிப்பூச்சு வேறு. நான்கு சோதனைகள் போதும், எதற்கும் பெரிய செலவில்லை.

முதலாவது, உள்ளங்கை சோதனை. காய்ந்த உள்ளங்கையைச் சுவரில் அழுத்தி ஒரு முழ நீளத்துக்குத் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவு மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டினால் அது பழைய சுண்ணாம்பாகவோ, வெயிலில் மக்கிப் போன பழைய சாயமாகவோ இருக்கும். இதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த சாயம் அடித்தாலும் அது அந்தப் பொடியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், சுவரை அல்ல. லயத்து வீடுகளில் வருடா வருடம் சுண்ணாம்பு அடித்தவர்கள் நம் பெரியவர்கள். அப்படிப்பட்ட சுவரில் பல அடுக்கு சுண்ணாம்பு இருக்கும். ஓரிடத்தில் சுரண்டிப் பார்த்தால் வெள்ளை, நீலம் கலந்த வெள்ளை, மஞ்சள் என்று அடுக்கடுக்காகத் தெரியும்.

இரண்டாவது, ஈரச் சோதனை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிவான பிளாஸ்டிக் தாளை எடுத்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்று புகாமல் சுவரில் ஒட்டுங்கள். மாலையில் ஒட்டி மறுநாள் காலையில் பாருங்கள், குறைந்தது 16 மணி நேரம் இருக்கட்டும். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. குளியலறைக்கு அடுத்த சுவர், தரையிலிருந்து ஓரடி உயரம், சன்னலுக்குக் கீழே, இந்த மூன்று இடங்களிலும் கட்டாயம் பாருங்கள். ஈரம் இருந்தால் சாயத்தை நிறுத்திவிட்டு ஒழுகும் குழாயை, அடைத்துக்கொண்ட கூரை மழைநீர் வழியை, வீட்டை ஒட்டி உயர்ந்துவிட்ட மண்ணை முதலில் சரி செய்யுங்கள்.

மூன்றாவது, டேப் சோதனை. பழைய சாயத்தில் கத்தியால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போடுங்கள். அதன் மேல் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். சாயம் டேப்போடு வந்தால் அந்தப் பகுதி முழுவதையும் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும்.

நான்காவது, பழைய சாயம் தண்ணீர்ச் சாயமா எண்ணெய்ச் சாயமா என்று பார்ப்பது. வெள்ளைத் துணியில் ஸ்பிரிட் நனைத்து அழுத்தித் தேய்த்தால், எமல்ஷன் என்னும் தண்ணீர்ச் சாயம் கரைந்து துணியில் நிறம் ஒட்டும். எனாமல் என்னும் எண்ணெய்ச் சாயம் அசையாது. அடுப்படியிலும் கூடத்திலும் இடுப்பளவுக்கு எனாமல் அடித்து வைத்திருக்கும் வீடுகள் நிறைய. அந்த வழுவழுப்பின் மேல் நேராக எமல்ஷன் அடித்தால் நகத்தாலேயே உரித்துவிடலாம்.

கழுவுவது, சுரண்டுவது

இதில்தான் அதிக நேரம் போக வேண்டும். ஒரு அறைக்கு மூன்று நாள் வேலை என்றால் இரண்டு நாள் இதற்குப் போனாலும் தப்பில்லை.

கறுப்பும் பச்சையுமாகப் புள்ளி வைத்திருப்பது பூஞ்சணம். அதைத் துடைத்துவிட்டு மேலே அடித்தால் சில வாரத்தில் சாயத்தைத் துளைத்துக்கொண்டு திரும்ப வரும். துணி வெளுக்கும் கிளோரோக்ஸ் வகைத் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து, ஸ்பாஞ்சால் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, பிரஷால் தேய்த்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கையுறை போடுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள். இந்தத் திரவத்தோடு கழிவறை கழுவும் அமிலத்தையோ அமோனியா உள்ள திரவத்தையோ எந்தக் காரணத்துக்கும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும், மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து.

சாமி அறைச் சுவரில் விளக்குப் புகையும் கற்பூரக் கரியும் படிந்திருக்கும். அடுப்படியில் தாளிப்பு எண்ணெய். இரண்டுக்கும் பாத்திரம் கழுவும் சோப்பை வெந்நீரில் கலந்து கீழிருந்து மேலாகத் தேய்த்து, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைத்தெடுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் வழிந்து கோடு போட்டுவிடும். கழுவிய பிறகும் மஞ்சள் திட்டுத் தெரிந்தால் கறை தடுக்கும் அடிப்பூச்சான பிரைமர் ஒரு கோட், அதாவது ஒரு பூச்சு, வேண்டும். கரிப்பிசுக்கு எமல்ஷனில் உள்ள தண்ணீரில் கரைந்து மேலே ஏறிவரும். இரண்டு கோட், மூன்று கோட் அடித்தும் மஞ்சள் போகவில்லை என்று சொல்பவர்கள் விட்டது இந்த ஒரு கோட்டைத்தான்.

சுவரில் வெள்ளைப் படிகம் பூத்திருந்தால், சிலர் உப்பு பூக்கிறது என்பார்கள், அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். உப்பு கரைந்து சுவருக்குள் போய் மறுபடி வெளியே வரும். காய்ந்த பிரஷால் தேய்த்துத் தட்டி எடுத்துவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

பழைய சுண்ணாம்பைச் சுரண்டியால் முடிந்தவரை எடுங்கள். மழைநாளில் சுவரைக் கொஞ்சம் நனைத்துவிட்டுச் சுரண்டினால் தூசி பறக்காது, வேலையும் லேசு. அப்புறம் நன்றாகக் காயவிட வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். பழைய வீடுகளில் கூரையிலோ உட்கூரையிலோ இருக்கும் சாம்பல் நிறச் சிமெண்டுத் தகடு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், துளை போடாதீர்கள், உடைக்காதீர்கள். அதன் நுண்ணிய நார் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். உடைந்து உதிராமல் இருந்தால் அப்படியே விட்டு, மேலே மெதுவாக சீலர் என்னும் அடிப்பூச்சும் சாயமும் அடிப்பது தேய்ப்பதைவிடப் பாதுகாப்பு. அடுத்தது, கதவிலும் சன்னலிலும் உள்ள மிகப் பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி தேய்க்காமல் தண்ணீர் தெளித்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், சின்னப் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். உதிர்ந்ததை ஈரத்துணியால் அள்ளுங்கள், துடைப்பத்தால் பெருக்க வேண்டாம்.

பட்டி பார்ப்பது

ஆணி ஓட்டை, முடி போன்ற விரிசல், சுவரில் குழி, இவற்றை நிரப்பும் மாவுதான் பட்டி. உள்ளுக்கு ஒரு வகை, வெளிக்கு ஒரு வகை. உள்சுவர்ப் பட்டியை வெளியே போட்டால் ஒரே மழையில் ஊறிக் கூழாகிவிடும். சுவர் முழுவதையும் வழவழப்பாக்க மெல்லியதாக இழுப்பதை ஸ்கிம் கோட் என்கிறார்கள். அது கை பழகியவர் செய்ய வேண்டிய வேலை.

விரிசல் என்றால் அதன் மேல் பட்டியைத் தடவினால் போதாது. சுரண்டியின் முனையால் விரிசலை ஆங்கில வி எழுத்து மாதிரி கொஞ்சம் அகலமாகத் திறந்து, தூசியை ஊதி, ஈரத்துணியால் துடைத்துவிட்டு நிரப்புங்கள். ஆழமான குழியை ஒரே தடவையில் நிரப்பாதீர்கள். இரண்டு மூன்று தடவையாக, ஒவ்வொன்றும் காய்ந்த பின் போடுங்கள். காய்ந்ததும் 180 எண் உப்புத்தாள், பிறகு 240. எண் கூடக் கூடத் தாள் மென்மை. தேய்த்த பிறகு கைவிளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். தூசியைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

அடிப்பூச்சு: சீலர், பிரைமர், அண்டர்கோட்

மூன்றும் ஒன்றென்று நினைத்து ஏதோ ஒன்றை வாங்கி வருபவர்கள் அதிகம். வேலை வேறு வேறு.

சீலர் சுவரின் தாகத்தை அடக்குவது. காய்ந்த சிமெண்டு சாயத்தில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிட்டால் மேலே நிறப்பொடி மட்டும் மிஞ்சும், ஒட்டாது. சீலர் அதைத் தடுக்கும், சிமெண்டின் காரத்தையும் தாங்கும். புதுச் சிமெண்டுப் பூச்சின் காரத்தன்மை மிக அதிகம், காரத்தைக் காட்டும் பி.எச். அளவு 12, 13 வரை இருக்கும். அதனால் புதுச்சுவரை மழைக்காலம் இல்லாத நாளில் குறைந்தது 28 நாளாவது காயவிட்டு, காரம் தாங்கும் சீலர் அடிக்க வேண்டும். அதற்குள் எனாமல் அடித்தால் அதில் உள்ள எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பாக மாறும். பிசுபிசுவென்று ஆகி, எத்தனை நாள் ஆனாலும் காயாது.

பொடி உதிரும் பழைய சுண்ணாம்புச் சுவருக்குத் தண்ணீர் சீலர் போதாது. உள்ளே ஊறி இறங்கிப் பொடியைக் கட்டிப் பிடிக்கும் தின்னர் (எண்ணெய்ச் சாயத்தைக் கரைக்கும் திரவம்) வகை சீலர் கேளுங்கள். நாற்றம் கடுமையாக இருக்கும். அடிக்கும் அன்று அந்த அறையில் யாரும் படுக்கக் கூடாது, அடுப்பும் விளக்கும் ஏற்றக் கூடாது.

பிரைமர் என்பது சாயத்துக்கும் பரப்புக்கும் நடுவே பிடிப்பு கொடுப்பது. இரும்புக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, வழுவழுப்பான பழைய எனாமலுக்கு ஒன்று. அண்டர்கோட் இவற்றுக்கு மேலே, எனாமலுக்கு அடியே வருவது. அதன் வேலை சமமான நிறமும் கனமும் கொடுப்பது மட்டுமே. மரக்கதவுக்குப் பிரைமர், அண்டர்கோட், எனாமல் என்று மூன்று அடுக்கு. சுவருக்கு சீலர், எமல்ஷன் இரண்டு கோட். காசு குறைவாக இருந்தால் மேல்சாயத்தில் ஒரு படி மலிவானதை எடுங்கள், அடிப்பூச்சைக் குறைக்காதீர்கள்.

மேல்சாயமும் பளபளப்பும்

எமல்ஷன் தண்ணீர்ச் சாயம். தண்ணீர் ஆவியாகப் போனதும் அதிலுள்ள பிசின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகும். சுவருக்கும் உட்கூரைக்கும் இதுதான். எனாமல் எண்ணெய்ச் சாயம். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும், அதனால் காய நேரம் எடுக்கும். மரத்துக்கும் இரும்புக்கும் இது. தண்ணீரில் கரையும் எனாமலும் இப்போது கிடைக்கிறது. நாற்றம் குறைவு, வெள்ளை நிறம் மஞ்சளாக மாறுவதும் குறைவு. குழந்தை இருக்கும் வீட்டுக்கு அதைத்தான் சொல்வேன்.

நம் கடைகளில் நிப்பான், டூலக்ஸ், ஜோட்டுன் எல்லாம் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் மலிவு வகையிலிருந்து உயர்ந்த வகை வரை உண்டு. பெயரைவிட வகையைப் பாருங்கள். கடையில் "ஒரு டின் வெள்ளை குடுங்க" என்று கேட்காமல், "அண்ணே, வெளிச்சுவரு, பழைய சிமெண்டு, மேல பழைய எமல்ஷன் இருக்கு, பூஞ்சணம் வரும்" என்று நான்கையும் சொல்லுங்கள். விவரம் தெரிந்தவர் சரியான டின்னை எடுத்துக் கொடுப்பார். வெளிச்சுவருக்கு வெளிச்சுவர் சாயமே வேண்டும். அதில் வெயிலைத் தாங்கவும் பூஞ்சணத்தைத் தடுக்கவும் சேர்மானம் இருக்கிறது.

பளபளப்பு என்பது அழகு பற்றிய கேள்வி மட்டும் அல்ல. பளபளப்பில்லாத மேட் சாயம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது, அதனால் சுவரின் மேடு பள்ளத்தை மறைக்கும். ஆனால் ஈரத்துணி வைத்துத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளக்கும், கறையும் முழுசாகப் போகாது. நன்றாகப் பளபளக்கும் கிளாஸ் சாயம் நேர் எதிர். துடைத்தால் கறை போகும், சுவரின் குறையெல்லாம் வெளியே தெரியும். நடுவில் சேட்டின், செமி கிளாஸ். உட்கூரைக்கு மேட். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் மேட் அல்லது லேசான மினுக்கம் உள்ள வகை. சாமி அறைக்கும் அடுப்படிக்கும் நடைபாதைக்கும் சேட்டின். கதவு, நிலை, கிரில்லுக்குக் கிளாஸ். பழைய லயத்து வீட்டின் கரடுமுரடான சுவரில் கிளாஸ் அடித்து வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவ்வளவு உழைப்பும் சுவரின் ஒவ்வொரு குழியையும் எடுத்துக் காட்டத்தான் பயன்பட்டிருக்கும்.

நிறம் பற்றி மூன்றே விஷயம். அடர் மஞ்சளும் சிவப்பும் மறைக்கும் சக்தி குறைந்தவை. அடியில் பொருத்தமான அண்டர்கோட் இல்லாமல் மூன்று, நான்கு கோட் இழுக்கும். வெளிச்சுவரில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு, ஊதா வகைகள் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். மண்ணிறங்களும் காவியும் நிற்கும். தோட்டத்து மாரியம்மன் கோயில் மதிலைப் பாருங்கள்: கோபுரத்துப் பொம்மைகளின் இளஞ்சிவப்பும் ஊதாவும் அடுத்த கும்பாபிஷேகத்துக்கு முன்பே மங்கிவிடும், மதிலின் காவிப் பட்டை அவ்வளவாக மங்காது. காவி என்பது இரும்பு ஆக்சைடு, வெயில் அதை ஒன்றும் செய்யாது. மூன்றாவது, நம் ஊரில் செம்மண் தெறிக்கும். மழையிலும், எண்ணெய்ப்பனைப் பழக்குலை ஏற்றிப் போகும் லோரி கிளப்பும் தூசியிலும் வெளிச்சுவரின் அடி ஓரடி சிவந்து போகும். அந்த ஓரடி, ஒன்றரை அடிக்குப் பழுப்போ காவியோ அடித்துவிடுங்கள், வருடம் முழுவதும் நிம்மதி.

எவ்வளவு வாங்குவது

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறை 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி. நான்கு சுவரின் சுற்றளவு 44 அடி, பரப்பு 440 சதுர அடி. கதவு ஒன்று 3-க்கு 7, அதாவது 21. சன்னல் இரண்டு, ஒவ்வொன்றும் 4-க்கு 4, அதாவது 32. கழித்தால் 387 சதுர அடி, ஏறத்தாழ 36 சதுர மீட்டர். இரண்டு கோட்டுக்கு 72. ஒரு லிட்டர் எமல்ஷன் வழவழப்பான சுவரில் சுமார் 10 முதல் 12 சதுர மீட்டர் போகும். கரடான சுவரில் குறையும். 10 என்று வைத்தால் 7.2 லிட்டர். 5 லிட்டர் டின் ஒன்றும் 1 லிட்டர் டின் மூன்றும் வாங்கினால் போதும். இரண்டு மூன்று அறைக்கு ஒரே நிறம் என்றால் 18 லிட்டர் பெரிய டின் லாபம். கலந்து தரும் நிறமென்றால் ஒரே தடவையில் முழுதும் வாங்கி, எல்லா டின்னையும் ஒரு வாளியில் ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள். டின்னுக்கு டின் நிறம் கொஞ்சம் மாறும், சுவரின் நடுவில் அது கோடாகத் தெரியும்.

அடிக்கும் முறை

மேலிருந்து கீழே: உட்கூரை, சுவர், கதவு சன்னல், கடைசியாகத் தரையோரப் பட்டை. சுவருக்கு 9 அங்குல ரோலர், மூலைக்கும் ஓரத்துக்கும் இரண்டு அங்குல பிரஷ். வழவழப்பான சுவருக்குக் குட்டை மயிர் ரோலர், கரடான வெளிச்சுவருக்கு நீள மயிர்.

பிரஷை டின்னில் முழுசாக முக்காதீர்கள். மயிரின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் முக்கி, டின்னின் உள்பக்கச் சுவரில் இரு புறமும் மெதுவாகத் தட்டுங்கள். விளிம்பில் வழித்தால் பிரஷ் எடுத்த சாயம் எல்லாம் டின்னிலேயே இறங்கிவிடும், சுவரில் வெறும் மயிர்க்கோடுதான் விழும். முதலில் ஓரங்களில் இரண்டு அங்குல அகலத்துக்குப் பிரஷால் இழுத்துவிட்டு, அது காய்வதற்குள் ரோலரைக் கொண்டு வாருங்கள். ரோலரால் மூன்றடி அகலத்துக்கு மேலும் கீழுமாகச் சாய்வாக இழுத்துச் சாயத்தைப் பரப்பி, பிறகு புதிதாகச் சாயம் எடுக்காத ரோலரால் மேலிருந்து கீழாக லேசாக ஒரே திசையில் தடவி முடியுங்கள். அடுத்த பகுதியை ஈரமாக இருக்கும் ஓரத்தோடு சேர்த்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு சுவரை ஆரம்பித்தால் மூலை வரை முடித்துவிட்டுத்தான் தேநீர். நடுவில் விட்டுப் போனால் அந்த இணைப்பு கோடாகவே தங்கிவிடும்.

முதல் கோட்டில் எமல்ஷனில் டின்னில் சொல்லியிருக்கும் அளவுக்குத் தண்ணீர் கலக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். வெயில் நாளில் இரண்டு மணி நேரத்தில் அடுத்த கோட் அடிக்கலாம். மழை நாளில் நான்கு மணி நேரம், சில சமயம் ராத்திரி முழுக்க விட வேண்டும். எனாமலுக்கு எப்போதுமே ஒரு ராத்திரி. சாயம் படக் கூடாத ஓரங்களில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பைச் சாயம் முழுக்கக் காயும் முன், லேசாக ஈரம் இருக்கும்போதே சாய்வாக இழுத்து எடுங்கள்.

மரம்

மெராந்தியும் நியாத்தோவும் பொதுவாகச் சாயத்தை நன்றாக ஏற்கும். மெர்பாவ் அப்படி இல்லை. நனைந்தால் செம்பழுப்புச் சாறு கசிந்து வெள்ளைச் சாயத்தைக் கறையாக்கும், கறை தடுக்கும் பிரைமர் இல்லாமல் தொடாதீர்கள். நம் ஊர் ரப்பர் மரத்தில் செய்த மேசை நாற்காலி உள்ளுக்கு மட்டுமே சரி. ஈரம் பட்டால் பூஞ்சணமும் பூச்சியும் சீக்கிரம் பிடிக்கும்.

மரத்தை எப்போதும் ரேகை ஓடும் திசையில் தேயுங்கள்: 120, பிறகு 180, வார்னிஷ் அடிப்பதானால் 240 வரை. குறுக்கே தேய்த்த கீறல் வார்னிஷுக்கு அடியில் நன்றாகத் தெரியும். மரத்தின் ரேகை தெரிய வேண்டுமென்றால் வார்னிஷ், லேக்கர், ஷெல்லாக் என்று மூன்று வழி. பாலியூரித்தேன் வார்னிஷ் கடினமானது, சாப்பாட்டு மேசைக்கு ஏற்றது. லேக்கர் மளமளவென்று காயும், தூசி ஒட்டாது, ஆனால் துப்பாக்கியால் தெளித்தால்தான் அழகு. அரக்கிலிருந்து செய்யும் ஷெல்லாக்குக்குத் தனி மினுக்கம் உண்டு. ஆனால் சூடான தேநீர்க் கோப்பை வைத்தால் வெள்ளை வளையம் விழும். வெளிக்கதவுக்கு வெயில் தாங்கும் வெளிப்புற வார்னிஷ்தான். பலகைச் சுவருக்கு அடிக்கும் முன் கரையான் தடம் இருக்கிறதா என்று அடிப்பலகையைத் தட்டிப் பாருங்கள். உள்ளே பொத்தல் சத்தம் வந்தால் பலகையை மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

கேட், கிரில், தகரம்

இரும்பில் துருவை முழுசாக எடுக்காமல் சாயம் அடித்தால் அடியில் துரு வளர்ந்துகொண்டே போகும். கம்பி பிரஷ், பிறகு 80 எண் உப்புத்தாள், தின்னர் நனைத்த துணியால் துடைப்பு. அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். நம் ஈரக்காற்றில் ஒரு ராத்திரி விட்டாலே வெறும் இரும்பில் மெல்லிய செந்துரு ஏறிவிடும். செந்நிற ஆக்சைடு பிரைமர் அல்லது ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் ஒரு கோட், பற்றவைத்த மூட்டுகளில் கூடுதலாக ஒரு கோட், பிறகு எனாமல் இரண்டு கோட்.

தகரம் வேறு கதை. அது துத்தநாகம் பூசிய இரும்பு. அதன் மேல் எண்ணெய் எனாமலை நேராக அடித்தால் சாயமும் துத்தநாகமும் சேர்ந்து அடியில் சோப்புப் படலம் உண்டாகி, ஒரு வருடத்தில் தாள் மாதிரி உரியும். தகரத்துக்கான பிரைமர் கேட்டு வாங்குங்கள், அல்லது தகரத்துக்கென்றே வரும் தண்ணீர் அக்ரிலிக் சாயம் அடியுங்கள். புதுத் தகரத்தில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். தகரக்கூரையில் ஏறும் வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள். காலை வைக்கும்போது ஆணி வரிசை ஓடும் இடத்தில் வையுங்கள், அங்கேதான் அடியில் கட்டை இருக்கும். ஈரமான நாளில் ஏறவே வேண்டாம்.

மிச்சமும் சுத்தமும்

எமல்ஷன் பிரஷைச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். கழுவிய தண்ணீரைக் கால்வாயில் ஊற்றாமல் ஒரு வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்குவதைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். மழை வந்தால் கால்வாய் நேராக ஆற்றுக்குத்தான் போகிறது. தின்னரையும் அப்படித் தெளியவிட்டால் மேலே நிற்பதை மறுபடி பயன்படுத்தலாம். மர எண்ணெய், ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அதுவாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

மிச்சச் சாயத்தைச் சின்ன டப்பாவுக்கு மாற்றுங்கள், உள்ளே காற்று குறைவாக இருந்தால் நாள்படக் கெடாமல் இருக்கும். மூடியின் மேல் நிற எண், எந்த அறை, எந்த மாதம் அடித்தது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த வருடம் சோபா உரசிய இடத்துக்குத் திருத்தம் செய்ய அதே நிறம் வேண்டியிருக்கும். கடையில் அந்த எண்ணைச் சொன்னால் போதும், சுவரைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.